டொட்ஜர்ஸுக்கு மட்டும் தனிச் சட்டமா?

கொட்டாஞ்சேனைப் பெடியன்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. அமெரிக்க பேஸ்போல் அணியான லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸின் வீரர் பட்டியல், ‘14’ என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே: “மற்றவர்களுக்கு 13 பந்து வீச்சாளர், இவர்களுக்கு 14. அட்டவணையிலும் நோஞ்சான் அணிகளே அதிகம்.” இரண்டும் டொட்ஜர்ஸுக்கான தனிச் சலுகை என்பது தவறு.

அமெரிக்க பேஸ்போலில் அணிக்கு 26 பேர். அதில் பந்து வீச்சாளர் 13 பேருக்கு மேல் கூடாது, 2022 முதல் அதுதான் விதி. பிறகு எப்படி 14? டொட்ஜர்ஸின் ஷொஹெய் ஒஹ்தானி பந்தும் வீசுகிறார், அடிக்கவும் செய்கிறார். அப்படிப்பட்டவர் ‘இருவழி வீரர்’. அந்த 13இல் அவரைச் சேர்ப்பதில்லை. 20 இன்னிங்ஸ் வீசி, 20 ஆட்டங்களில் துடுப்பாட்டக்காரராகவும் தொடங்கிய வீரர் எந்த அணியில் இருந்தாலும் இதே சலுகைதான். அப்படி ஆட வேறு ஆள் கிடைப்பதுதான் அபூர்வம். செப்டெம்பரில் எல்லா அணிக்குமே 28 பேர், 14 பந்து வீச்சாளர். ஆகவே படம் எந்த மாதத்தது என்றும் பாருங்கள்.

சரி, அட்டவணை? ரொக்கீஸ் 2025இல் 119 ஆட்டம் தோற்ற அணி. அவர்களோடு டொட்ஜர்ஸ் 13 முறை மோதியது உண்மை. ஆனால் இந்த இரு அணிகளும் இருக்கும் அதே பிரிவிலுள்ள பாட்ரெஸ், ஜயன்ட்ஸ், டயமண்ட்பெக்ஸும் ரொக்கீஸோடு அதே 13 முறைதான் ஆடின. முன்பு இது 19 ஆக இருந்தது. 2023இல் குறைத்து, ஒவ்வொரு அணியும் மற்ற 29 அணிகளையும் சந்திக்கும்படி மாற்றினார்கள். மற்றப் பிரிவு அணிகளுக்கு ரொக்கீஸ் இத்தனை முறை கிடைக்காது என்று குறைப்பட்டால் அது நியாயம். டொட்ஜர்ஸுக்காகச் செய்த ஏற்பாடு என்பது பொய்.