தெரிந்தேதான் போனேன்

நாம் ஆடுவது ரோல்பிளேயிங் விளையாட்டு: ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவோம். ஞாயிற்றுக்கிழமை செஷனில் என் கேரக்டர் செய்தது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். குழு அரட்டையில் இன்னும் அதே பேச்சுதான்: "அண்ணன் துரோகி என்று தெரிந்தும் அவன் பின்னாலேயே கோபுரத்துக்குள் போகிறாள், இவளுக்கு ஆடவே தெரியவில்லை."

எனக்குத் தெரியும். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் உங்களிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஆனால் என் கேரக்டர் அப்போது அங்கே இல்லை. அவளுக்கு அவன், தொலைந்துபோய்த் திரும்பி வந்த அண்ணன். அவளுக்கு அண்ணன் வேண்டும். எனக்கு அந்தத் துரோகம் வேண்டும். அது தெரியவரும்போது அவள் என்ன ஆவாள் என்று ஆடிப் பார்க்க வேண்டும். அவள் ஆசை வேறு, என் ஆசை வேறு. அதற்குள் ஒருவர் அவளை வாசலிலேயே இழுத்துப் போட்டு, "காப்பாற்றிவிட்டேன்" என்றார். யாரை?

நான் ஜாக்கிரதையாக ஆடியிருந்தால் விட்டிருப்பீர்களா? தீயைத் தாங்காத ட்ரோல் என்ற அரக்கனைப் பார்த்ததும் தீப்பந்தத்தை எடுத்தேன் என்பதற்காக, "உன் கேரக்டருக்கு அது எப்படித் தெரியும், இது மெட்டாகேமிங்" என்று அன்றைக்கு வகுப்பு எடுத்தவரும் இவரேதான்.

ஜெயிப்பதுதானே விளையாட்டு என்பார்கள். இந்த வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியாக 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது, அந்தப் பழக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் 1985-லேயே பென்டிராகன் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டு வந்துவிட்டது. அதில் வீரனின் குணங்களுக்கே பகடை உண்டு. நான் அதை ஆடியபோது, சரணடைந்த எதிரியை என் வீரன் மன்னிக்க வேண்டும் என்று தவித்தேன். பகடை பழிவாங்கச் சொன்னது. வெட்டினான். நான் விரும்பாததை என் கேரக்டர் செய்த அந்த இரவை இன்றைக்கும் மறக்கவில்லை. ஃபேட் என்ற இன்னொரு விளையாட்டில், கேரக்டரின் பலவீனத்தால் வரும் சிக்கலை ஏற்றுக்கொண்டால் ஆடுபவருக்குப் புள்ளியே கிடைக்கும். இதெல்லாம் ஆடத் தெரியாதவர்கள் எழுதிய விதிகளா?

"உன் டிராமாவுக்கு நாங்கள் ஏன் சாக வேண்டும்?" யாரும் சாகவில்லையே. தனியாகத்தான் போனேன். கூட்டாளியின் பையில் திருடிவிட்டு "என் கேரக்டர் அப்படித்தான்" என்று சொல்பவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். அந்தக் கேரக்டரை உருவாக்கியது அவர்கள்தான், அதற்கு அவர்கள்தான் பொறுப்பு. நான் பணயம் வைத்தது என் கேரக்டரை மட்டும்.

என்னைச் சுடுவது வேறொன்று. நம் மேசையில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் "என்ன ஒரு ரோல்பிளே" என்று சொல்லியிருப்பீர்கள். நான் செய்தால் உடனே விதிகளை விளக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். இத்தனை நாள் சேர்ந்து ஆடிய பிறகும், இவள் யோசித்துத்தான் செய்திருப்பாள் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, "உனக்கு இது சம்மதம்தானா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.