1995 அயர்லாந்து விவாகரத்து வாக்கெடுப்பு: அது அமோக ஆதரவு இல்லை

"1995 அயர்லாந்துக்குப் பொன்னான வருஷம். ஹீனிக்கு நோபல் கிடைத்தது, விவாகரத்துக்கு மக்கள் அமோக ஆதரவு தந்தார்கள், உடனே சட்டமும் வந்தது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனிக்கு அந்த ஆண்டுதான் இலக்கிய நோபல் கிடைத்தது, அது சரி. மற்ற இரண்டும் தவறு.

விவாகரத்துக்கு அரசியலமைப்பில் இருந்த தடையை நீக்கலாமா என்று 1995 நவம்பர் 24 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஆதரவாக 8,18,842 ஓட்டு, எதிராக 8,09,728. வித்தியாசம் வெறும் 9,114! பதினாறு லட்சத்துக்கும் மேல் பதிவான ஓட்டில் இது ஒரு சதவீதம்கூட இல்லை. டப்ளின் நகரம் கைகொடுத்திராவிட்டால் தோற்றிருக்கும். 1986-இல் இதே கேள்விக்குச் சுமார் 63 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றவர்கள். அதனால் ஒன்பதே ஆண்டுகளில் இந்த அளவுக்கு மனம் மாறியதே பெரிய விஷயம். அதை 'அமோகம்' என்று சொன்னால், வீட்டுக்கு வீடு நடந்த அந்த வாக்குவாதமே மறைந்துபோகும்.

அப்புறம், 'உடனே' என்பது. முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. அரசியலமைப்புத் திருத்தம் 1996 ஜூனில்தான் கையெழுத்தானது, விவாகரத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1997 பிப்ரவரி 27. அதிலும் முந்தைய ஐந்து ஆண்டுகளில் நான்கு ஆண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு 2019 வாக்கெடுப்புக்குப் பிறகுதான் குறைந்தது. தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.