கைதட்டின அண்ணன்மாருக்கு ஒரு கணக்கு

ஞாயிற்றுக்கிழமை நம்ம சங்கப் பொதுக்குழுவில என்ன நடந்ததுன்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும். வராதவங்களுக்கும் அன்னைக்கு ராத்திரியே வாட்ஸப்ல போய்ச் சேர்ந்திருக்கும். அதனால முழுக் கதையையும் மறுபடியும் சொல்லலை. செயலாளர் 2026க்கான வேலைத்திட்டத்தை வாசிச்சு முடிச்சதும், "எஃப்டிஇ பசங்க பிரச்சினையை நம்ம கோரிக்கை மனுவில ஏன் சேர்க்கறீங்க, அது நம்ம சம்பள உயர்வுல கை வைக்கும்"னு ஒருத்தர் எழுந்து கேட்டார். (எஃப்டிஇன்னா குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கம்பெனி வேலைக்கு எடுக்கிற ஆள்.) கேட்கட்டும், பொதுக்குழுன்னா கேள்வி வரத்தான் செய்யும். ஆனா அவர் கேட்டதுக்குக் கைதட்டினாங்க பாருங்க, அந்தக் கைதட்டல்தான் எனக்கு ஆறலை.

தட்டினவங்க எல்லாரும் படிச்சவங்க, லைன்ல கணக்குப் பார்த்துப் பழகினவங்க. அதனால கணக்காவே பேசுறேன். 2025 நவம்பர் 21லிருந்து நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்தாச்சு. ஒரே ஆலையில ஒண்ணுக்கு மேல சங்கம் இருந்தா, மஸ்டர் ரோல்ல, அதாவது கம்பெனியோட தொழிலாளர் பதிவேட்டுல இருக்கிறவங்கள்ல 51 சதவீதம் பேர் ஆதரவு எதுக்கு இருக்கோ அதுதான் நிர்வாகத்தோட பேசற பேச்சுவார்த்தைச் சங்கம். நம்ம கேட்டுக்குள்ள ரெண்டாவது சங்கத்தோட கொடி ஏறி எத்தனை மாசம் ஆச்சுன்னு நான் சொல்லணுமா? எஃப்டிஇ பையன் கான்ட்ராக்டர் ஆள் இல்ல. கம்பெனி நேரா எடுத்த ஆள், அவன் பேரும் அதே மஸ்டர்லதான் இருக்கு. உதாரணத்துக்கு மஸ்டர்ல 400 பேர்னு வைங்க. நிரந்தரம் 190, எஃப்டிஇ 210. நிரந்தரத் தொழிலாளி ஒருத்தர் விடாம நம்மகிட்ட சந்தா கட்டினாலும் 47.5 சதவீதம்தான். எந்தச் சங்கத்துக்கும் 51 இல்லைன்னா பல சங்கம் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு, அதுல 20 சதவீதத்துக்கு ஒரு நாற்காலின்னு கணக்கு. மீதி நாற்காலியில யார் உட்காருவாங்க, அவங்களை யார் உட்கார வைப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. சம்பள உயர்வு எவ்வளவுங்கிறது அப்புறம். மேஜையில நமக்கு எத்தனை இடம்னு முதல்ல பாருங்க.

திரும்பச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எஃப்டிஇ பசங்களைச் சேர்க்காத சங்கம், ஒப்பந்தம் போடுற இடத்துல தனிச்சு நிக்க முடியாது.

"ஸ்ட்ரைக் பண்ணிட்டா எல்லாம் வழிக்கு வரும்"னு பின் வரிசையில ஒரு குரல். அண்ணே, பழைய 1947 சட்டத்துல முன்னறிவிப்பு கட்டாயம்னு இருந்தது பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான். இப்ப எல்லா ஆலைக்கும் 14 நாள் நோட்டீஸ். அந்த 14 நாளுக்குள்ள சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டிட்டா, சமரசம் முடியற வரைக்கும், முடிஞ்சு ஏழு நாள் வரைக்கும் வெளிய வர முடியாது. பாதிப் பேர் சேர்ந்து கேஷுவல் லீவ் போட்டாலே அது ஸ்ட்ரைக். சட்டவிரோதம்னு ஆயிட்டா தொழிலாளிக்கு 10,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ஒரு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். அப்படியே ஒரு நாள் வெளிய வந்தோம்னு வைங்க, உள்ள லைனை ஓட்டப்போறது யாரு? நீங்க எதுக்கு வேணாம்னு சொன்னீங்களோ அதே பசங்கதான். அவங்க ஏன் நமக்காக நிக்கணும்?

நானும் கான்ட்ராக்ட்ல இருந்துதான் வந்தேன். வேற கலர் ஐடி கார்டு, கேன்டீன்ல கடைசி வரிசை. 24 மாசத்துல 480 நாள் வேலை செஞ்சா நிரந்தரம்னு தமிழ்நாட்டுல 1981லயே சட்டம் வந்தாச்சு. அதனாலேயே 480ஐ நெருங்கும்போது "கொஞ்ச நாள் வீட்ல இருப்பா"ன்னு அனுப்பிடுவாங்க. திரும்பி வந்தா கான்ட்ராக்டர் பேர் மாறியிருக்கும். அப்ப சங்கத்துல இருந்த பெரியவர் ஒருத்தர்தான் சம்பளச் சீட்டு ஒண்ணு விடாம வாங்கி வைக்கச் சொன்னார், லேபர் ஆபீசுக்கு அவரே கூட்டிட்டுப் போனார். எங்களுக்காக அன்னைக்கு நிரந்தரத் தொழிலாளிங்க ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு கேட்ல நின்னாங்க. அவங்க யாரும் "இது எங்க உயர்வைக் குறைக்கும்"னு கேட்கலை. ஞாயிற்றுக்கிழமை எழுந்து பேசினவர் எங்க பேட்ச்தான். லேபர் ஆபீஸ் பெஞ்சுல என் பக்கத்துல உட்கார்ந்திருந்தவர். பேரை எழுதப் போறதில்ல, அவருக்குத் தெரியும்.

"புதுச் சட்டத்துல நல்லது எதுவுமே இல்லையா"ன்னு ஒரு தம்பி இன்பாக்ஸ்ல கேட்டான். இருக்குப்பா. எஃப்டிஇக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுட்டி, எல்லாருக்கும் நியமனக் கடிதம். சரி, நல்லது. ஆனா காலம் முடிஞ்சு அவனை அனுப்பினா அது ஆட்குறைப்புக் கணக்குல வராது, நஷ்டஈடும் கிடையாது. ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வாங்கணும்ங்கிற வரம்பும் 100 பேர்லேர்ந்து 300 ஆயிடுச்சு.

"சங்கம்னு கொடி பிடிச்சா கம்பெனி வேற மாநிலத்துக்கு ஓடிடும்" கோஷ்டிக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. அவங்க பொட்டி கட்டுறதை நான் வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து கேட்டுட்டு இருக்கேன்.

நியாயமான கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "அந்தப் பசங்களே பயந்து ஒதுங்கறாங்களே, நாம என்ன செய்ய?" உண்மைதான். கார்டு புதுப்பிக்கிற தேதி நெருங்கினா எங்கிட்ட பேசற பையன்கூட பார்வையைத் திருப்பிக்கறான். இதுக்கு முழுசா ஒரு பதில் எங்கிட்ட இல்ல. ஆனா ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளிங்களுக்கும் வேலை போகுமோங்கிற பயம் இல்லாமலா இருந்திருக்கும்? 2024 செப்டம்பர்ல வெளிய வந்து 37 நாள் நின்னாங்க. சங்கப் பதிவு கைக்கு வர 2025 ஜனவரி ஆச்சு, அதுவும் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய். சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சது 1918ல. சங்கத்துக்குப் பாதுகாப்பு குடுக்கிற தொழிற்சங்கச் சட்டம் வந்ததே 1926ல. பயம் தீர்ந்த பிறகு சேர்த்துக்கலாம்னா அந்தச் சங்கம் பிறந்தே இருக்காது. பயந்தவன்கிட்ட நாமதான் போகணும். அவன் வரலைன்னு கைதட்டி வெளிய தள்றதுக்கு எதுக்கு நமக்கு ஒரு சங்கம், ஒரு கொடி, வருஷா வருஷம் ஒரு பொதுக்குழு?

கோபத்துல எழுதறேன்னு சொல்வீங்க. சொல்லுங்க. எனக்காக நின்ன பெரியவர் ரிட்டையர் ஆகிட்டார், அவர்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னே தெரியலை.

பொருளாளர் தோழருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். எஃப்டிஇ தொழிலாளிக்கு நிரந்தரத் தொழிலாளி கட்டுற அதே சந்தாவை வைக்காதீங்க, பாதி போதும். ரசீது புத்தகம் ஒண்ணு தனியா குடுங்க, பி ஷிஃப்ட் முடியற நேரத்துல நான் கேட்ல இருக்கேன்.