ஜன்னலும் நானும் தாமதமாகத்தான் வந்தோம்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்தாயிற்று. பார்க்காதவர்களுக்கு: 'ஜன்னல்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தேன். பாதியில் மைக்கை வாங்கிய பெரியவர் ஒருவர், இங்கே அவரை ஐயா என்றே சொல்கிறேன், சொன்னது இது: "சிலப்பதிகாரத்தில் காலதர் இருக்க, இந்த அம்மா ஜன்னலைப் பிடித்துத் தொங்குகிறார். 47 வயதில் சொல்லாராய்ச்சி ஆரம்பித்தால் இப்படித்தான்." கைதட்டல். ஐயா உட்காருகிறார்.

காலதர் எனக்கும் தெரியும் ஐயா. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. 'மான்கண் காலதர்' என்கிறார் இளங்கோ, மானின் கண்போல் அமைந்த காற்றுவழி. ஆங்கிலத்தின் விண்டோவும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்ற சொல்லில் இருந்து வந்ததுதான். எங்கேயோ இருக்கும் இரண்டு மொழிகள், சுவரில் ஓட்டை போட்டதும் காற்றையும் கண்ணையும் நினைத்திருக்கின்றன. அடுத்த வரியில் இதைத்தான் சொல்ல இருந்தேன். அதற்குள் மைக் கைமாறிவிட்டது.

ஜன்னலுக்கு வருகிறேன். போர்ச்சுகீசியத்தில் ஜனேலா. அதற்கு மேலே லத்தீனில் ஜானுவா, கதவு. அப்படியென்றால் ஜனேலா ஒரு குட்டிக் கதவு. அதே குடும்பத்தில்தான் ஜானுஸ், முன்னும் பின்னும் முகமுள்ள ரோமானியத் தெய்வம். வாசல்களும் தொடக்கங்களும் அவர் பொறுப்பு. ஜனவரி அவர் பெயர். நம் வீட்டு ஜன்னலும் ஜனவரியும் ஒன்றுவிட்ட உறவு! இதைச் சொல்லத்தான் மேடையேறினேன். தமிழை விற்க ஏறவில்லை.

"அப்போ தமிழில் புதுச்சொல்லே வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். தாராளமாக உண்டாக்குங்கள், நானும் எழுதுகிறேன். அதற்காக சாவியையும் அலமாரியையும் ஏலத்தையும் வாசலில் நிறுத்திப் பிறப்புச் சான்றிதழ் கேட்காதீர்கள். மூன்றும் அதே போர்ச்சுகீசியக் கப்பலில் வந்தவைதான். தொல்காப்பியரே இயற்சொல், திரிசொல்லோடு, வெளி நிலங்களில் இருந்து வந்த திசைச்சொல்லுக்கும் வடமொழியில் இருந்து வந்த வடசொல்லுக்கும் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவரைவிடக் கறாரானவர்கள் இப்போது கிளம்பியிருக்கிறார்கள், என்ன செய்ய.

இன்னொரு சொல். இது என் சொந்தக் கதை. 21 வருட வேலையை விட்டபோது கடிதத்தின் மேலே 'ராஜினாமா' என்று எழுதினேன். அன்று இரவு தூக்கம் வராமல் அகராதியைப் புரட்டினேன். ராஸி என்றால் சம்மதம், நாமா என்றால் எழுத்து, பத்திரம். அரபும் பாரசீகமும் சேர்ந்து செய்த சொல். ஒப்புதல் பத்திரம்! நம் ஊரில் இன்றும் 'ராஜி ஆகிவிட்டார்கள்' என்று சமாதானமானதைச் சொல்கிறோமே, அதே ராஜி. சம்மதத்துக்குப் பிறந்த சொல், இங்கே வந்து விலகலைச் சொல்கிறது. அந்த இரவில் எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று எழுதினால் சிரிப்பீர்கள். சொல்லாராய்ச்சி என்று நீங்கள் கேலி செய்தது அங்கே தொடங்கியதுதான் ஐயா. பட்டம் வாங்கித் தொடங்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

"அவர் உன் வயதைச் சொல்லவில்லை, ஆழமில்லை என்றுதான் சொன்னார்" என்று தோழி ஒருத்தி சமாதானம் சொன்னாள். அப்படியானால் 47 எதற்கு? ஆழமில்லை என்றால் எந்த வரியில் என்று காட்டியிருக்கலாமே. ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. எண்ணை மட்டும் தொட்டார். 25 வயதுப் பையன் அதே பேச்சைப் பேசியிருந்தால் 'வளரும் ஆய்வாளர்' என்று துண்டு போர்த்தியிருப்பார்கள். எனக்கு 'இந்த அம்மா'.

வயது பெரிய தடை என்றால் வீரமாமுனிவரை என்ன செய்வது? 1680இல் இத்தாலியில் பிறந்த பாதிரியார். முப்பது வயதுக்கு மேல் அ, ஆ படித்தவர். தேம்பாவணி என்ற காப்பியம் எழுதினார், 1732இல் சதுரகராதி என்ற அகராதியைத் தந்தார். அவரோடு என்னை ஒப்பிடுகிறேனா? இல்லை, உடனே ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். முதலில் இருந்து தொடங்குவது தமிழுக்குப் புதிதில்லை என்கிறேன், அவ்வளவே. 'முதல்' என்ற சொல்லுக்கே தொடக்கம் என்றும் பொருள், கையிருப்பு என்றும் பொருள். தொடங்குகிறவன் வெறுங்கையோடு நிற்பதாக நினைப்பவர்களுக்கு இந்தச் சொல்லைச் சமர்ப்பிக்கிறேன். 21 வருடம் என் கையிருப்பு.

'மறு' இன்னும் வேடிக்கை. மறுபடி என்றால் இன்னொரு தடவை. மறு என்றால் இல்லையென்று சொல். முகத்தில் இருந்தால் கறை. மூன்றும் ஒரே வேர் என்று நான் சொல்லவில்லை, அதற்கும் ஒரு கூட்டம் போட்டுவிடுவீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் சேர்த்துத்தான் வாங்கினேன்.

நேற்று ராத்திரி வீடியோவை ஒருமுறை பார்த்தேன். ஐயா பேசியதுகூட இப்போது பழகிவிட்டது. கைதட்டும்போது மேடையில் நானும் சிரிக்கிறேன். எதற்குச் சிரித்தேன் என்றுதான் புரியவில்லை.