பின்னால் ஷாக் இல்லையென்றால் கற்றுக்குட்டியா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் உபின் தீவுக்குப் போன பயணத்துக்காக வாட்ஸ்அப்பில் போடப்பட்ட பட்டியலை நம் மலைச் சைக்கிள் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே யார் யார் எப்படிச் சிரித்தார்கள் என்பதையும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை நான் இங்கே மறுபடியும் விரிக்கப்போவதில்லை. அங்கே நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கோபத்தில் எழுதினால் பிறகு நானே உட்கார்ந்து அழிக்க வேண்டியிருக்கும் என்று வீட்டில் சொன்னதால் நான்கு நாள் பொறுத்திருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன். நான்கு நாளில் கோபம் தணிந்திருக்கிறதா என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

"முதல் குழு: ஃபுல் சஸ்பென்ஷன். இரண்டாம் குழு: ஹார்ட்டெயில் மற்றும் புதியவர்கள்." இதுதான் அந்தப் பட்டியல். என் பெயர் இரண்டாம் குழுவில் நான்காவதாக இருந்தது. எனக்கு மேலே இருந்தவர் உபின் கிராமத்துக் கடையில் வண்டியை வாடகைக்கு எடுக்கப்போகிறவர். எனக்குக் கீழே இருந்தவர் மேட்டில் ஏறும்போது எந்தக் கியரில் போட வேண்டும் என்று முந்தைய நாள்தான் குழுவில் கேட்டவர். அவர்கள் இருவர் மீதும் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை, அவர்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்கள், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார்கள். பதினோரு வருடமாக சிங்கப்பூரின் மண்பாதைகளில் விழுந்து எழுந்தவனை அந்த வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்த அந்த "மற்றும்" என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்த விஷயம் தெரியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹார்ட்டெயில் என்பது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் மட்டும் சஸ்பென்ஷன், அதாவது அதிர்வு தாங்கும் அமைப்பு, உள்ள மலைச் சைக்கிள். அதன் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பிணைந்திருக்கும். ஃபுல் சஸ்பென்ஷன் என்பதில் பின்சக்கரமும் ஷாக் என்கிற அதிர்வு தாங்கியின் துணையோடு மேலும் கீழும் அசையும். இவ்வளவுதான் வித்தியாசம். ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு தெரியும் என்பது இதில் எந்த மூட்டில், எந்தத் திருகில் எழுதப்பட்டிருக்கிறது என்று யாராவது காட்டினால் நான் இந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன். ஒருவருடைய தேர்ச்சியை அவர் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து அளக்க முடியாது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான், இதை இன்னும் நாலு முறை சொல்வேன்.

உபினில் இருக்கும் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவை 2008-இல் திறந்தார்கள். சுமார் 10 கிலோமீட்டர் பாதை. போகிற வழியெல்லாம் பலகைகள் இருக்கின்றன: நீலச் சதுரம், கறுப்பு டைமண்ட், இரட்டைக் கறுப்பு டைமண்ட் என்று, கடினம் கூடிக்கொண்டே போகும் வரிசையில். எங்கே சரிவு அதிகம், எங்கே கல் அதிகம், எங்கே தெரியாதவன் இறங்கக் கூடாது என்பதை அந்தப் பலகைகள் சொல்கின்றன. உன் வண்டியின் பின்னால் என்ன மாட்டியிருக்கிறாய் என்று ஒரு பலகையும் கேட்டதில்லை. பாதை போட்டவர்களுக்கே தோன்றாத ஒரு தகுதியை நம் குழு கண்டுபிடித்திருக்கிறது என்றால் பாராட்டத்தான் வேண்டும்.

மழை பெய்த மறுநாள் புக்கிட் தீமா பாதையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், வேர்கள் சோப்புத் தடவிவைத்ததுபோல் இருக்கும். பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஓடும் ஒரு வேரின் மேல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு போனால் பின்சக்கரம் அந்த வேரின் போக்கிலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே வேருக்கு ஒரு கஜம் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வேரைத் தொடும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, குதிகாலைத் தாழ்த்தி, முட்டியையும் முழங்கையையும் தளர்த்திக்கொண்டு, முதலில் முன்சக்கரத்தின் பாரத்தையும் அடுத்த நொடியில் பின்சக்கரத்தின் பாரத்தையும் உடம்பால் எடுத்துவிட வேண்டும். ஹார்ட்டெயிலில் இதில் ஒன்றைத் தவறவிட்டாலும் டயர் நசுங்கி ரிம் வேரில் மோதும் சத்தம் 'டங்' என்று கேட்கும். அந்தச் சத்தம் இடுப்பு வழியாக ஏறிப் பல்வரிசை வரைக்கும் வரும். இன்னொன்று, ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டும்தான் அமுங்கும், பின்பக்கம் அமுங்காது. அதனால் இறக்கத்தில் பிரேக் பிடித்தவுடன் வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, பாதை இருப்பதைவிடச் செங்குத்தாகத் தோன்றும்படி செய்துவிடும். அதை ஓட்டுகிறவன் தன் உடம்பை வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். இவ்வளவையும் ஒவ்வொரு வேருக்கும் செய்கிறவன் புதியவன், இதில் பாதியைத் தன் ஷாக்கிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறவன் தேர்ந்தவன் என்றால், எனக்குத் தெரிந்த தமிழில் அந்த இரண்டு சொற்களுக்கும் பொருள் வேறு.

என் வண்டியை 2014-இல் 900 சிங்கப்பூர் வெள்ளிக்கு வேறொருவரிடமிருந்து வாங்கினேன். எஃகுச் சட்டம். ஃபோர்க்கை ஒருமுறை மாற்றியாயிற்று, பின் ரிம்மை இரண்டு முறை. முதல் ஆறு மாதம் நான் ஓட்டியதைவிட விழுந்ததுதான் அதிகம். இடது முழங்கையில் இன்னும் புக்கிட் தீமாவின் செம்மண் கொஞ்சம் இருக்கிறது என்று என் மகள் கேலி செய்வாள். எனக்கு யாரும் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தரவில்லை; அந்தப் பாதையில் எப்போதும் தனியாக வரும் ஒரு மலாய்ப் பெரியவர், நான் ஒரே வேரில் மூன்றாவது முறையாக விழுந்ததைப் பார்த்துவிட்டு, வேரைப் பார்க்காதே, வேருக்கு அப்பால் பார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் இருந்ததும் ஹார்ட்டெயில்தான். அவரை எந்தக் குழுவில் போடுவீர்கள் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

சஸ்பென்ஷனே இல்லாத காலத்தில்தான் இந்த விளையாட்டு பிறந்தது என்பதையும் நினைவுபடுத்திவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் 1976 அக்டோபர் 21 அன்று முதல் 'ரீபேக்' பந்தயம் நடந்தபோது, ஷ்வின் கம்பெனியின் பழைய சைக்கிள்களில்தான் இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்துசேர்வதற்குள் அதன் கிரீஸ் புகைந்து ஆவியாகிவிடும், ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதிதாகத் திணிக்க வேண்டும், மறுபடி திணிப்பது என்ற பொருளில் 'ரீபேக்' என்ற பெயரே அப்படித்தான் வந்தது. அந்த இறக்கத்தை, இந்த விளையாட்டின் முன்னோடிகளில் ஒருவரான கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் முடித்தார். முன் ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் பரவலாக விற்பனைக்கு வருவதற்கு அதற்குப்பின் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஃபிஷர் இன்றைக்கு அதே வண்டியோடு, உபினுக்குப் படகேறும் சாங்கி படகுத்துறைக்கு வந்தாலும், நம் ஆட்கள் அவரையும் இரண்டாம் குழுவில் சேர்த்து, ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் கொடுத்து, பத்திரமாக வாருங்கள் அங்கிள் என்று சொல்லியிருப்பார்கள்.

இதற்குள் ஒருவர் ஒலிம்பிக் மலைச் சைக்கிள் பந்தயத்தைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று எனக்குத் தெரியும். லண்டன் 2012-இல் செக் நாட்டு குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷனில் தங்கம் வாங்கினார், ஹார்ட்டெயிலில் வந்த சுவிட்சர்லாந்தின் நீனோ ஷூர்ட்டர் கடைசி நேரத்தில் வெள்ளியோடு நின்றார். அதே ஷூர்ட்டர் ரியோ 2016-இல் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறித் தங்கம் வாங்கினார். சரி, நடந்தது நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் 2008-இல் பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கியதும் ஹார்ட்டெயிலில் வந்த அதே ஷூர்ட்டர்தானே? பெய்ஜிங்கிலும் லண்டனிலும் முதல் மூன்று பேரில் ஒருவராக அவரை நிறுத்தியது எது, பின்சக்கரத்து ஷாக்கா? வண்டி விநாடிகளைக் கூட்டும் குறைக்கும், ஆளை உண்டாக்காது. இதற்குமேல் இந்த வாதத்துக்கு நேரம் ஒதுக்க எனக்கு விருப்பமில்லை.

பாதுகாப்புக்காகத்தான் அப்படிப் பிரித்தோம் என்பது இரண்டாவது பதில். கரடுமுரடான இறக்கத்தில் ஹார்ட்டெயிலின் பின்சக்கரம் துள்ளும், துள்ளும்போது தரையைப் பிடிக்காது, தரையைப் பிடிக்காத சக்கரத்தில் பிரேக்குக்கும் வேலையில்லை என்பது உண்மை. முதல் குழுவின் வேகத்துக்கு நான் சில இடங்களில் பின்தங்குவேன் என்பதும் உண்மை. அப்படியென்றால் வேகக் குழு, நிதானக் குழு என்று பிரித்திருக்கலாம். நானே நிதானக் குழுவில் என் பெயரை எழுதிக்கொடுத்திருப்பேன். யாருடைய மனமும் நோகாமல் பாதுகாப்பைக் கவனிக்க வழி இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

பொறாமை என்று ஒருவர் எழுதியிருந்தார், கண்ணடிக்கும் பொம்மை ஒன்றும் போட்டு. ஐயா, ஒரு முறை நண்பரின் ஃபுல் சஸ்பென்ஷனை வாங்கி அதே வேர்ப்பாதையில் நானும் இறங்கியிருக்கிறேன். மெத்தையில் போவதுபோல் இருந்தது. கீழே வந்து நின்று திரும்பிப் பார்த்தபோது எந்த வேரை எந்தப் பக்கமாகக் கடந்தேன் என்பதே நினைவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் பொய் சொல்லக் கூடாது. மறுபடியும் மேலே தள்ளிக்கொண்டு போய் இரண்டாவது முறையும் இறங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. ஃபுல் சஸ்பென்ஷனில் அற்புதமாக ஓட்டுகிறவர்கள் நம் குழுவிலேயே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. 7,000 வெள்ளிக்கு வண்டி வாங்கிய கையோடு டிராப்பில், அதாவது பாதை சட்டென்று படிபோல் இறங்கும் இடத்தில், குதித்துக் காறை எலும்பை முறித்துக்கொண்டவரும் நம் குழுவில்தான் இருக்கிறார். அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனவர்களில் நானும் ஒருவன், சிரிக்கவில்லை. ஆனால் அவர் தேறி வந்ததும் முதல் குழுவில் சேர்த்துக்கொண்டீர்களே, எதை வைத்து?

பிறகு அந்த வயதுக் கதை. "அண்ணே, உங்களுக்கு 46 ஆகுது, முதுகைப் பார்த்துக்குங்க, அக்கறையில்தான் போட்டோம்." அக்கறை இருந்தால் முதுகைப் பற்றி என்னிடம் தனியாகக் கேட்டிருக்கலாம், எண்பது பேர் இருக்கும் குழுவில் தலைப்புப் போட்டு அறிவித்திருக்க வேண்டியதில்லை. என் முதுகு நன்றாக இருக்கிறது. காலையில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அதற்கும் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை.

பட்டியலைப் போட்ட தம்பி யார் என்று எல்லாருக்கும் தெரியும், பெயர் சொல்லப்போவதில்லை. 2019-இல் அவன் முதன்முதலாக வந்தபோது பேருந்து நிறுத்தத்து நடைபாதை விளிம்பில்கூட முன்சக்கரத்தைத் தூக்கத் தெரியாது. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் புல்வெளியில் ஒரு மைலோ டின்னை நசுக்கி வைத்து, அதைத் தொடாமல் இரண்டு சக்கரத்தையும் தாண்டவைத்துப் போ என்று சொல்வேன். மூன்று வாரம், வேலை முடிந்து வந்த மாலைகளில், அந்த டின் தரையோடு தரையாக ஒட்டிப்போகும் வரைக்கும் அதன்மேல் ஏறி ஏறி இறங்கினான். கடைசியில் தாண்டிய அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பாட்டி எட்டிப்பார்த்துத் திட்டினார். அன்றைக்கு அவன் ஓட்டியது என் வண்டி. பின்னால் ஷாக் இல்லாத, இப்போது இரண்டாம் குழுவில் சேர்க்கப்பட்டிருக்கும் இதே வண்டி.

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். போகாவிட்டால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பீர்கள். படகில் இரண்டாம் குழுவோடு உட்கார்ந்து போய், இரண்டாம் குழுவோடு நீலச் சதுரத்தில் ஓட்டி, வாடகை வண்டிக்காரருக்குச் சங்கிலி கழன்றபோது மாட்டிக்கொடுத்து, கறுப்பு டைமண்ட் இறக்கத்தின் அடிவாரத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டு முதல் குழு வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு பேர் இறங்கினார்கள். ஐந்தாவதாக அவன். கடைசித் திருப்பத்துக்கு முந்தைய வேரில், சரியாக வேரின் மேலேயே, பின்பிரேக்கைப் பிடித்தான். சக்கரம் ஒரு சாண் வழுக்கியது, பிறகு ஷாக் அமுங்கி எழுந்து அதை எப்படியோ மீண்டும் மண்ணில் கொண்டுவந்து வைத்துவிட்டது. அவனுக்கு அது தெரியவே இல்லை. நேராக என்னிடம் வந்து நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணே, தண்ணி இருக்கா?" என்றான். பாட்டிலைக் கொடுத்தேன்.

அந்த வேரில் பிரேக் பிடித்தாய், தம்பி. அங்கே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.