குளத்தில் கொட்டும் முன் அளந்து பாருங்கள்

"தண்ணி பளிச்சுன்னுதானே இருக்கு, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?" வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. இதற்கு ஒரு தம்பிக் கேள்வியும் உண்டு: "தண்ணி பச்சையாயிடுச்சு, எந்த டப்பாவைக் கொட்டணும்?" முதல் கேள்வியைக் கேட்டவர்தான் பெரும்பாலும் கொஞ்ச நாள் கழித்து இரண்டாவதையும் கேட்கிறார்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் குளத்துத் தண்ணீரை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளலாம். வேதியியல் பட்டம் வேண்டாம். பெருக்கல், வகுத்தல், கொஞ்சம் பொறுமை போதும். ஆனால் அளக்காமல் கொட்டுகிற ஆள் என்றால், தயவுசெய்து காசு கொடுத்து வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள். குத்துமதிப்பாக ரெண்டு கை பொடியை வீசிவிட்டு 'நானே மெயின்டெயின் பண்றேன்' என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள்; வருவது கன மீட்டர், ஒவ்வொன்றும் 1000 லிட்டர். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 45,000 லிட்டர். 10 சதவீத லிக்விட் குளோரின் ஒரு லிட்டரில் சுமார் 100 கிராம் குளோரின் இருக்கும். அதை இந்தக் குளத்தில் ஊற்றினால் 2.2 பிபிஎம் ஏறும். பிபிஎம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், அவ்வளவுதான். இந்த ஒரு கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: லிக்விட் குளோரின் வெயிலிலும் வெக்கையிலும் வீரியம் இழக்கும். கேனில் 10 என்று போட்டிருந்தாலும் ரொம்ப நாள் வெளியில் கிடந்த கேனில் அந்த 10 இருக்காது.

இனி இந்தப் பதிவின் முக்கியமான வில்லனுக்கு வருகிறேன். மாத்திரை.

குளோரின் மாத்திரை என்று நாம் வாங்கும் அந்த வட்ட வில்லைகள் பெரும்பாலும் ட்ரைக்ளோர். மிதவையில் போட்டுவிட்டால் மெதுவாகக் கரையும், கவலையில்லை என்று விற்கிறார்கள். குளோரின் கரைவது உண்மை. கூடவே சயனூரிக் அமிலமும் கரைகிறது என்பதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. இதைத்தான் ஸ்டெபிலைசர் என்கிறோம். இது கெட்ட பொருள் இல்லை. திறந்தவெளிக் குளத்துக்கு இது கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் உச்சி வெயில் ஓரிரு மணி நேரத்திலேயே தண்ணீரில் உள்ள குளோரினில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஸ்டெபிலைசர் குளோரினைப் பிடித்துவைத்துக் காப்பாற்றுகிறது. ஆனால் அப்படிப் பிடித்துவைக்கும்போது குளோரினின் கையையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. ஸ்டெபிலைசர் கூடக் கூட, அதே அளவு குளோரின் கிருமியைக் கொல்லும் வேகம் குறைகிறது.

ட்ரைக்ளோர் மூலம் 10 பிபிஎம் குளோரின் சேர்த்தால் ஏறக்குறைய 6 பிபிஎம் ஸ்டெபிலைசரும் கூடவே ஏறும். குளம் நாளுக்கு 2 பிபிஎம் குளோரினைச் செலவழிக்கிறது என்று வையுங்கள். மூன்று மாதத்தில் 180 பிபிஎம் குளோரின் போட்டிருப்பீர்கள். அது வெயிலுக்கும் வியர்வைக்கும் செலவாகிப் போய்விட்டது. 108 பிபிஎம் ஸ்டெபிலைசர் மட்டும் எங்கேயும் போகாமல் தண்ணீரிலேயே உட்கார்ந்திருக்கும். வெயிலில் ஆவியாகாது, பில்டரில் சிக்காது. தண்ணீரை மாற்றினால்தான் இறங்கும்.

நடைமுறையில் பலர் பின்பற்றும் விதி ஒன்று உண்டு: ஸ்டெபிலைசர் அளவில் நூற்றுக்கு ஏழரை பங்காவது குளோரின் இருக்க வேண்டும். (ஏழரை என்றதும் சனியை நினைக்காதீர்கள், இது காப்பாற்றுகிற ஏழரை.) ஸ்டெபிலைசர் 40 என்றால் குளோரின் 3 போதும். 108 ஆகிவிட்டால் 8 வேண்டும். மாத்திரைக்காரர் அதே 2, 3 என்று வைத்துக்கொண்டு 'குளோரின் கரெக்டா இருக்கு, ஆனா பாசி பிடிக்குது' என்று குழம்புவது இதனால்தான். உடனே பாசிக்கொல்லி வாங்குகிறார். அதற்கப்புறம் பாஸ்பேட் ரிமூவர். அப்புறம் கிளாரிபையர். ஒரு எண்ணை அளக்காததற்கு மூன்று டப்பா தண்டம்.

பாசிக்கொல்லியில் செம்பு சேர்ந்த வகை இருக்கிறது, அதை மட்டும் என் எதிரி வீட்டுக் குளத்துக்குக்கூடப் பரிந்துரைக்க மாட்டேன். சுவரில் கறை பிடிக்கும். வெளுத்த தலைமுடி உள்ளவர்களுக்கு முடி பச்சையடிக்கும். அதற்குக் குளோரின்மேல் பழி போடுகிறோம், ஆனால் அது செம்பு செய்கிற வேலை.

சரி, எதைக்கொண்டு அளப்பது? நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் எனக்கு ஒத்துவரவில்லை. இளஞ்சிவப்பா, கொஞ்சம் அடர்ந்த இளஞ்சிவப்பா என்று குடும்பமே கூடி ஓட்டுப் போட வேண்டியிருக்கும். குளோரின் போட்டால் மஞ்சளாகும் பழைய ஓடிஓ சொட்டு மருந்து மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அதில் வேலை செய்யத் தயாராக இருப்பது எவ்வளவு, ஏற்கெனவே அழுக்கோடு கலந்து ஓய்ந்துபோனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பிரித்துச் சொல்வது டிபிடி. 1957இல் பாலின் என்கிற ஆங்கிலேயர் வெளியிட்ட முறை, இன்றைக்கும் அதுதான் அடிப்படை. ஆனால் நிறத்தை ஒப்பிடும் டிபிடியில் ஒரு பொறி இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது அந்த நிறத்தையே வெளுத்துவிடும். குப்பி தெளிவாக நிற்கும், நீங்கள் பூஜ்யம் என்று படித்துவிட்டு இன்னும் ஒரு கேனை ஊற்றுவீர்கள்.

அதனால் என் சிபாரிசு சொட்டு எண்ணும் வகை. முழங்கை ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்து, குப்பியில் 10 மில்லி கோடுவரை நிரப்புங்கள். டிபிடி பொடியைப் போட்டுச் சுழற்றினால் தண்ணீர் ரோஸ் நிறத்துக்கு வரும். அடுத்த பாட்டிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் சுழற்றுங்கள். ரோஸ் வெளிறிக்கொண்டே வந்து ஒரு சொட்டில் சட்டென்று காணாமல் போகும். வழக்கமான கிட்டில் இந்த அளவுக்குச் சொட்டு ஒன்றுக்கு 0.5 பிபிஎம். எட்டுச் சொட்டு என்றால் 4. கண்ணை இடுக்கிக்கொண்டு கலர் அட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம். நிறம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். ஸ்டெபிலைசருக்கும் இதே மாதிரி எளிய சோதனை: குளத்துத் தண்ணீரோடு மருந்தைக் கலந்தால் பால் மாதிரி கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பாருங்கள். புள்ளி மறையும் இடத்தில் குழாயில் எழுதியிருக்கும் எண்தான் விடை. இதை மட்டும் நல்ல பகல் வெளிச்சத்தில், வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்யுங்கள்.

நெடி பற்றியும் ஒரு வார்த்தை. மூக்கைத் துளைக்கும் வாசனை வந்தால் 'குளோரின் ஜாஸ்தி' என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் நேர்மாறு. வியர்வை, சிறுநீர் இவற்றிலுள்ள நைட்ரஜனோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த நெடி, கண் எரிச்சலும் அதனால்தான். அதாவது, குளோரின் போதவில்லை. குளிக்காமல் குளத்தில் குதிக்கும் விருந்தாளிக்கு இதை எப்படி நாசூக்காகச் சொல்வது என்பது வேதியியலில் சேராத பாடம்.

பிஎச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்; அந்த விஷயத்தில் நான் ரொம்ப அலட்டிக்கொள்வதில்லை. 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருந்தால் போதும். 7.4தான் வேண்டும் என்று தினமும் ஆசிட்டும் சோடாவும் மாற்றி மாற்றிக் கொட்டுபவர்கள் தாங்களே ஊஞ்சலை ஆட்டிவிட்டு ஏன் ஆடுகிறது என்று கேட்கிறார்கள். காரத்தன்மை என்பது வேறு, தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் போன்றவற்றின் அளவு. அது அதிகமாக இருந்தால் தண்ணீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேற வெளியேற பிஎச் தானாக ஏறும். அப்போது காரத்தன்மையை 60, 70 பிபிஎம்முக்கு இறக்கிவைத்தால் பிஎச்சும் அடங்கிவிடும். காரத்தன்மை குறைந்துபோனால் சமையல் சோடா போதும், அதையே அழகான டப்பாவில் 'ஆல்கலினிட்டி இன்க்ரீசர்' என்று போட்டு விற்கிறார்கள். நம் 45,000 லிட்டர் குளத்தில் 10 பிபிஎம் ஏற்ற ஏறக்குறைய 760 கிராம். கால்சியம் கடினத்தன்மை சிமென்ட் பூச்சுக் குளங்களுக்கு முக்கியம். தண்ணீருக்குச் சுண்ணாம்புப் பசி இருந்தால் பூச்சை அரிக்கும், அதிகமானால் சுவரில் படியும். இதைக் கணிக்கும் குறியீட்டை 1936இலேயே லாங்கிலியர் வகுத்துவிட்டார், அவர் யோசித்தது தண்ணீர்க் குழாய்களுக்காக. பைபர், வினைல் குளக்காரர்கள் இந்தப் பத்தியை வேகமாகக் கடந்துவிடலாம்.

'சால்ட் வாட்டர் குளம் வெச்சிருக்கேன், குளோரினே இல்லை' என்பவர்களுக்கு: உங்கள் இயந்திரம் அந்த உப்பை மின்சாரத்தால் பிரித்துக் குளோரினைத்தான் தயாரிக்கிறது. மேலே சொன்ன எல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

பச்சையாகிப்போன குளத்துக்கு என்ன வழி? முதலில் ஸ்டெபிலைசரை அளங்கள். 100ஐத் தாண்டியிருந்தால் பாதித் தண்ணீரை மாற்றுவதுதான் நேர்வழி, பாதியாகக் குறையும். மொத்தமாக வடித்துவிட வேண்டாம். நிலத்தடி நீர் மேலே இருந்தால் காலியான குளமே மிதந்து எழும்பிவிடும், வினைல் விரிப்பு சுருங்கிக் கிழியும். பிறகு குளோரினை ஸ்டெபிலைசரில் 40 சதவீதம் அளவுக்கு ஏற்றுங்கள். ஸ்டெபிலைசர் 40 பிபிஎம் என்றால் குளோரின் 16 பிபிஎம். ஏற்றினால் மட்டும் போதாது, இறங்க இறங்க மறுபடி ஊற்றி அங்கேயே நிறுத்த வேண்டும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும், சுவரைத் தேய்த்துவிடுங்கள், பில்டர் அழுத்தம் ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு பில்டரைக் கழுவுங்கள். அடி தெரியும்வரை யாரையும் இறக்காதீர்கள். கலங்கிய தண்ணீரில் ஒருவர் மூழ்கினால் கரையிலிருப்பவருக்குத் தெரியாது. 'ஒரு ஷாக் குடுத்தா சரியாயிடும் சார்' என்று ஒரு பாக்கெட்டை வீசிவிட்டுப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான்: ஷாக் என்பது ஒரு பாக்கெட் இல்லை, பிடித்துவைக்க வேண்டிய ஒரு அளவு. முடிந்ததா என்பதை ராத்திரி சோதனை சொல்லிவிடும்: பொழுது சாய்ந்தபின் குளோரினை அளங்கள், சூரியன் உதிக்கும்முன் மறுபடி அளங்கள். வெயிலே இல்லாத நேரத்தில் 1 பிபிஎம்முக்கு மேல் இறங்கியிருந்தால் உள்ளே இன்னும் ஏதோ உயிரோடு இருந்து தின்றுகொண்டிருக்கிறது.

பாதுகாப்பில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. ஆசிட்டும் குளோரினும் ஒன்றுசேர்ந்தால் வருவது விஷ வாயு. ஒன்றைக் குளத்தில் ஊற்றி அரை மணி நேரமாவது பம்ப் ஓடியபிறகே அடுத்தது. ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. மாத்திரையையும் இன்னொரு வகைக் குளோரினான கால்சியம் ஹைப்போ பொடியையும் ஒரே மிதவையில், ஒரே கரண்டியில்கூடப் போடாதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கும். 'ரெண்டும் குளோரின்தானே' என்கிற தர்க்கம் இங்கே ஆளைக் கொல்லும். கண்ணாடி, கையுறை இல்லாமல் கேனைத் திறப்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இத்தனைக்கும் பிறகு சொந்தப் பராமரிப்புக்கு எல்லை உண்டா என்றால், உண்டு. பலர் இறங்கும் அடுக்குமாடிக் குளத்தை ஒரு ஆர்வலர் கையில் விடக்கூடாது, அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். இன்னொன்று, கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணி. ஈ.கோலை போன்றவை சரியான குளோரினில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. இது ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். உங்கள் எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் இது செத்திருக்காது. வயிற்றுப்போக்கு இருப்பவர் யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. இந்த ஒட்டுண்ணிதான் காரணம் என்று தெரிந்தால் நின்றபிறகும் இரண்டு வாரம் கூடாது. உறவுக்காரர் பிள்ளையாக இருந்தாலும் சரி. முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.