கண்மாய் குழி இல்லை

அந்தக் காணொளியை இரண்டு நாளாக எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. வெளியூர் ஆட்கள் ஒரு கண்மாயை, அதாவது பாசன ஏரியை, தூர் வாரியதாகச் சொல்லிப் போட்டது. பொக்லைன் இறங்குகிறது, பின்னணியில் பாட்டு, முன்பு இப்படி, இப்போது இப்படி என்று இரண்டு படம். நடுவில் சதுரமாக ஒரு குழி, குழிக்கு நடுவில் தீவு, தீவில் நாலு மரக்கன்று. "செத்த கண்மாய்க்கு உயிர் கொடுத்தோம்" என்று எழுத்து ஓடுகிறது.

அதன் கீழே நான் கேட்டது மூன்றே கேள்வி. வயலுக்குத் தண்ணீர் விடுகிற மடையின் அடிமட்டம் என்ன? நீங்கள் தோண்டியது அதற்கு எத்தனை அடி கீழே? கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலைப் பார்த்தீர்களா? மூன்றுக்கும் பதில் இல்லை. "நல்லது செஞ்சா பொறுக்காதே", "நீ என்ன செஞ்ச?", "குறை சொல்லவே ஒரு கூட்டம்" என்றுதான் வந்தது. அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

கண்மாய் குழி இல்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மழை முடிந்து தை மாதம் எடுத்த செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். பிறை பிறையாகத் தண்ணீர் தெரியும். பெரும்பாலான பிறைகளின் முதுகு கிழக்கே பார்த்திருக்கும். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்து மெல்லச் சாய்கிறது, சாய்வைக் குறுக்கே மறித்துக் கரை போட்டிருக்கிறார்கள். மேற்குப் பக்கம் கரை கிடையாது, அது தண்ணீர் வருகிற வழி. ஆக, கண்மாயைத் தோண்டி உண்டாக்கவில்லை, மறித்து உண்டாக்கினார்கள். கரைக்கு உள்ளே நிற்கிற தண்ணீர் கரைக்கு வெளியே இருக்கிற வயலைவிட மேட்டில் நிற்கும். அதனால்தான் மடையைத் தூக்கினால் தானாகப் பாய்கிறது. டீசல் வேண்டாம், மோட்டார் வேண்டாம், கரண்ட் எப்போது வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எத்தனை அடி தோண்டினாலும் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூட மடை வழியாக வெளியே வராது. இது எனது கருத்து இல்லை, தண்ணீரின் குணம்.

கணக்கே போட்டுவிடுவோம். 100 அடி நீளம், 100 அடி அகலம், 20 அடி ஆழத்துக்கு ஒரு குழி. மொத்தம் 2 லட்சம் கன அடி, அதாவது 2,000 யூனிட் மண். டிப்பருக்கு 3 யூனிட் என்றால் 670 நடை வரும். அந்தக் குழி முழுக்க நிரம்பி, மோட்டார் வைத்துக் கடைசிச் சொட்டு வரை இறைத்தாலும், 2 அங்குலம் கட்டுகிற ஒரு தண்ணீருக்கு, அதாவது ஒரு முறை பாய்ச்சலுக்கு, 27 ஏக்கர் பாயும். அவ்வளவுதான்.

இப்போது அதே கண்மாயில், நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு உடைந்து ஒரு அடித் தண்ணீர் வீணாகப் போகிறது என்று வையுங்கள். நீர் பரவும் இடம் 100 ஏக்கர். அந்த ஒரு அடி 43 லட்சத்து 56 ஆயிரம் கன அடி. 22 குழிக்குச் சமம். அதே 2 அங்குலக் கணக்கில் 600 ஏக்கருக்கு ஒரு தண்ணீர். வாய்க்காலில் இழுப்பு போகட்டும், பாதி வந்தாலும் 300 ஏக்கர். ஒரு கொத்தனார், இரண்டு சித்தாள், சிமென்ட், மணல், கருங்கல் கொண்டு முடிகிற வேலை. ஆனால் கலுங்கு பூசுவதைப் பாட்டுப் போட்டுக் காட்ட முடியாது, பார்க்க அழகாக இருக்காது.

"அப்ப தூர் வாரவே கூடாதா?" என்று கேட்பீர்கள். வார வேண்டும். ஆனால் தூர் வாருவது என்பது வண்டலை எடுப்பது, குழி தோண்டுவது இல்லை. வரத்துக்கால் வந்து விழுகிற வாயில் பருமணல் தங்கும், கரையை நெருங்க நெருங்க மாவு மாதிரி வண்டல் தங்கும். முதலில் ஏழெட்டு இடத்தில் முழங்கை ஆழத்துக்கு வெட்டிப் பார்க்க வேண்டும். வண்டல் கறுத்து, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைத்துப் பிசைந்தால் விரலில் ஒட்டும். நிறம் மாறி மஞ்சள் களியோ சுண்ணாம்புக் கல்லோ தெரிகிற இடத்தில் கையை நிறுத்திவிட வேண்டும். அந்தக் களிதான் கண்மாயின் அடித்தட்டு. அதைக் கிழித்தால் மார்கழியில் நிற்க வேண்டிய தண்ணீர் கீழே இறங்கிவிடும். கரையை ஒட்டித் தோண்டினால் இன்னும் மோசம். உள்சரிவின் அடிமண் போய்விட்டால், கண்மாய் நிறைந்து கனம் ஏறும்போது கரை சரிந்து உட்காரும்.

அந்த வண்டல் குப்பையும் இல்லை. வயலுக்கு உரம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலாளிக்கு 60 கன மீட்டர் என்று இலவசமாக எடுத்துக்கொள்ள அரசே வழி வைத்திருக்கிறது. பரவலாக, மேலோட்டமாக, ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்தால் கண்மாய்க்கும் நல்லது, வயலுக்கும் நல்லது. ஒரே இடத்தில் 20 அடிக்கு இறங்கினால் மேலே உள்ள இரண்டு அடிதான் வண்டல். மீதி 18 அடி எங்கே போனது என்று கேட்டால் எனக்குப் பொறாமையாம்.

"நிலத்தடி நீர் ஊறுமே" என்று ஒருவர். ஊறுகிற மண்ணில் ஊறும், அதை மறுக்கவில்லை. ஆனால் திருவாடானை, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் பல இடங்களில் ஆழத்தில் இருப்பதே உப்புத் தண்ணீர். அதற்குப் பயந்துதானே இந்தச் சீமை முழுக்க மேல் தண்ணீரை நம்பி வாழ்ந்தது. குடிக்க ஆழமாக வெட்டியதற்கு ஊருணி என்று தனிப்பெயர். பாசனத்துக்கு மறித்தது கண்மாய், சின்னதாக இருந்தால் ஏந்தல், தாங்கல். ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு என்பதால்தான் பெயரும் வேறு. ஊருணி வேண்டுமென்றால் ஊருணி வெட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? கண்மாய்க்குள் ஏன் வெட்டுகிறீர்கள்?

"ஆழமா இருந்தா ஆவியாகிறது குறையும்" என்று இன்னொருவர். குறையும், சரிதான். ஆனால் அந்தத் தண்ணீர் யாருக்கு? கரை ஓரத்தில் நிலமும் ஆயில் எஞ்சினும் வைத்திருப்பவருக்கு. கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருப்பவர் குழியை எட்டிப் பார்க்கலாம். மடை வழியாகப் போனால் முறை வைத்து அவருக்கும் போய்ச் சேரும். அதற்கு மேல் இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

பழைய குமிழி மடையைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? கண்மாய்க்கு உள்ளே, கரையிலிருந்து தள்ளி, இரண்டு கல் தூண் நிற்கும். தூணை இணைத்துக் குறுக்குக் கற்கள். அடியில் கல்லால் ஆன தொட்டி. தொட்டியின் மேல் மூடியில் ஒரு துளை, அது நீரோடி. கீழே கண்மாயின் தரைமட்டத்தில் சின்னத் துளைகள், அது சேறோடி. கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிற நீர்க்கட்டி முங்கிப் போய் மேல் துளையின் அடைப்பைத் தூக்குவார். தண்ணீர் சுழித்து உள்ளே இறங்கும். அந்த இழுப்பில் கீழ்த் துளை வழியாகச் சேறும் கூடவே வந்து, கரைக்கு அடியில் உள்ள சுருங்கை வழியாக வாய்க்காலுக்குப் போய், வயலில் வண்டலாகப் படியும். பாய்ச்சுகிற ஒவ்வொரு நாளும் கண்மாய் தன்னைத் தானே கொஞ்சம் தூர் வாரிக்கொண்டது. பொக்லைனும் இல்லை, காணொளியும் இல்லை. அந்தத் தூண்களைப் பிடுங்கி வேலிக்கல் ஆக்கிய ஊர்களும் உண்டு.

கண்மாய் குழி இல்லை என்று ஏன் அடித்துச் சொல்கிறேன் என்றால், அது தனியாகவும் இல்லை. மேலே உள்ள கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால், அந்த மறுகால்தான் கீழே உள்ள கண்மாய்க்கு வரத்து. மேலே ஒருவர் கலுங்கை அரை அடி உயர்த்தினால் கீழே உள்ள ஊர் காயும், மேலே உள்வாயில், தண்ணீர் வருகிற பக்கத்தில், இருப்பவர் வயல் மூழ்கும். ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். அவ்வளவு பெரியதற்கும் மேலே இருக்கிற கண்மாய்கள் ஒழுங்காக இருந்தால்தான் தண்ணீர். வைகையே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தேடி வருகிற ஆறுதான். சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் கழற்றி மெருகு போட்டால் சங்கிலி என்ன ஆகும்?

அந்தக் காணொளியில் வரத்துக்கால் ஒரு இடத்தில் வருகிறது. ட்ரோன் திரும்பும்போது ஓரத்தில் தெரியும், நிறுத்திப் பாருங்கள். ரோட்டுக்கு அடியில் இரண்டு சிமென்ட் குழாய், கால்வாயின் தரையைவிட உயரத்தில் பதித்தது. இந்தப் பக்கம் சீமைக்கருவேல் அடைத்து நிற்கிறது. இந்தப் பகுதியில் வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில நாளில் கால்வாய் கொண்டுவந்ததுதான் கணக்கு. குழாய் உயரத்தில் இருந்தால் தண்ணீர் ரோட்டோரம் தேங்கி, பக்கத்து வயலை அழுக வைத்து, கண்மாய்க்கு வராமலே போகும். ஆடி, ஆவணியில் கால்வாயைக் கண்மாய் வாயிலிருந்து மேல் நோக்கி வெட்டி வந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தீவு கட்டினார்கள்.

சீமைக்கருவேலை எடுத்ததாகப் பெருமை வேறு. எடுத்தது சரி. ஆனால் கூடவே நாட்டுக்கருவேலையும் சாய்த்திருக்கிறார்கள். நாட்டுக்கருவேலுக்கு உருண்டை உருண்டையாக மஞ்சள் பூ, பாசிமணி கோத்த மாதிரி நெற்று. சீமைக்கு நீளமான கதிர்ப் பூ, நேரான நெற்று. தண்ணீருக்குள் நிற்கிற நாட்டுக்கருவேலில்தான் நாரையும் கொக்கும் கூடு கட்டும். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது இப்படிப்பட்ட மரங்களுக்கு வரும் பறவைகளால்தான். வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவை பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள். அந்த மரத்தை வெட்டிவிட்டு நட்டிருப்பது நாலு கொன்றைக் கன்று.

"பழைய பெருமை பேசாதே, குடிமராமத்து கட்டாய வேலைதானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊரே கூடிக் கண்மாயைப் பராமரிப்பதற்குத்தான் குடிமராமத்து என்று பெயர். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வராதவருக்குத் தண்டம் போட 1858இல் வெள்ளைக்காரன் சட்டமே போட்டான். பல ஊர்களில் நீர்க்கட்டி வேலை பட்டியல் சாதியினர் தலையில்தான் இருந்தது. கரை உடைந்தால் நடுராத்திரி முதல் ஆளாகப் போனவருக்கு கண்மாய் பாயும் நிலத்தில் ஒரு சென்ட்கூடச் சொந்தமாக இல்லாத ஊர் ஏராளம். அறுவடையில் களத்தில் கொடுத்த நெல்தான் கூலி. அந்த அநியாயத்தை யாரும் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் நீர்க்கட்டிக்கு மாதச் சம்பளம் கொடுத்து வேலையை வைத்துக்கொள்ளாமல், வேலையையே அல்லவா ஒழித்தோம்?

அந்த வேலை என்ன தெரியுமா? கரையில் நடந்து நண்டு வளை, எலி வளை பார்ப்பது. கரைக்கு வெளியே கசிவு வந்தால் கையில் அள்ளிப் பார்ப்பது. தெளிவாக வந்தால் கவனித்தால் போதும், கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, உடனே வளையின் வாயைக் கண்டுபிடித்து உள்பக்கம் களியும் வைக்கோலும் திணிக்க வேண்டும். கலுங்குக் கற்களுக்கு நடுவே மழை முடிகிற நேரம் பார்த்து மண்ணும் புல்லும் வைத்து அரை அடி கூடுதலாகத் தேக்குவது, திடீரென்று மழை பிடித்தால் அதைப் பிடுங்கி எறிவது. ஒரு நாள் முந்தி அடைத்தால் கரை போகும், ஒரு நாள் பிந்தி அடைத்தால் தண்ணீர் போகும். இந்தக் கணக்கு எந்தப் பொக்லைனுக்குத் தெரியும்?

எல்லாம் ஒரு தண்ணீருக்காகத்தான். ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்து, ஐப்பசி மழையில் வளர்ந்து, மார்கழிக் கடைசியில் கதிர் பால் பிடிக்கும்போது வானம் நின்றுவிடும். அந்த நேரத்தில் கண்மாயிலிருந்து ஒன்றோ இரண்டோ தண்ணீர். கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் பதர். அதன் பிறகு ஈரம் இருக்கிற நிலத்தில் மிளகாய், பருத்தி. வற்ற வற்ற மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கு ஏலம். ஏலம் விடாத ஊரில் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா என்று மீன்பிடி சாமான்களோடு நாலு ஊர்ச் சனம் இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டை, யார் கையில் எது மாட்டினாலும் வீட்டுக் குழம்புக்குத்தான், விற்கமாட்டார்கள். 20 அடிக் குழியில் யார் துண்டு வீசுவது, பிள்ளைகளை எப்படி இறக்குவது?

இதில் எனக்கு வலிக்கிற இடம் வேறு. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று இந்தச் சீமையின் பெயரை வைத்துத்தான் அரசு ஊழியரை மிரட்டினார்கள். சினிமாவில் சிரித்தார்கள். மழையைச் சொட்டு விடாமல் பிடித்து, ஊருக்கு ஊர் கைமாற்றி, ஆயிரம் வருடமாக நெல் விளைத்த ஊர்களுக்கு வைத்த பெயர் அது. இப்போது வெளியூரிலிருந்து ஒரு வண்டியில் வந்து இறங்கி, "இவர்களுக்குத் தண்ணீர் சேமிக்கத் தெரியாது, நாங்கள் சொல்லித்தருகிறோம்" என்கிற தொனியில் ஒரு காணொளி. அதற்கு நம் ஆட்களே கைகூப்புகிறார்கள். கரையில் அய்யனார் இருக்கிறார். அவருக்குப் புரவி செய்ய ஊரே பிடிமண் எடுத்துக் கொடுக்கும். அதே மண்ணை நடை நடையாக அள்ளிப் போனதற்கு ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை.

அவர்களின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். காசும் உழைப்பும் போட்டிருக்கிறார்கள், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வருத்தம். அந்தக் காசில் மடைக்குத் திருகுக் கம்பியும் பலகையும் மாற்றி, கலுங்கைப் பூசி, ரோட்டுக் குழாயைத் தாழ்த்திப் பதித்து, கால்வாயை இரண்டு மைல் வெட்டியிருக்கலாம்.

அந்தக் காணொளியின் கடைசியில், எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுக்கிற இடத்தில், பின்னால் மடை தெரிகிறது. திருகுக் கம்பி இல்லை. பலகை இருக்க வேண்டிய இடத்தில் சாக்கைத் திணித்திருக்கிறார்கள். சாக்கின் ஓரத்தில் ஈரம் கறுத்திருக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாற்றிவிட்டு, தை மாதம் அந்த மடையைத் திறந்து, தண்ணீர் கடைமடை வயலுக்குப் போய்ச் சேருகிற காணொளியைப் போடுங்கள். முதல் ஆளாக நான் பகிர்கிறேன்.